சாம்பல் கோட்டுக்காரன் கடைசியில் சொன்னது

ஜக்கையனுக்கு எந்தப் படமும் பிடிக்காது. போடியில் பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்திருந்ததே அதனால்தான். படிப்பகத்து வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. ஊரில் எந்தக் கொட்டகையில் புதுப்படம் வந்தாலும் மறுநாள் காலையில் அவருடைய விமர்சனம் அதில் ஏறிவிடும். கதாநாயகன் சொத்தை, கதாநாயகி வத்தல், கதை பூஞ்சை என்று ஒவ்வொன்றாக வகைபிரித்து எழுதுவார். பால் வாங்கப் போகிறவர்கள் நின்று படித்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். சிரிக்காதவர்கள் கொட்டகைக்காரர்கள் மட்டும்தான். அவர்களில் ஒருவர் ஆள் வைத்து இவர் வீட்டுக் கதவில் சாணி அடித்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மைதான் என்பதில் ஜக்கையனுக்குப் பெருமை.

இத்தனைக்கும் அவர் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்தது கிடையாது. கால்மணி நேரம் ஆனதும் எழுந்து விடுவார். அதற்கு வசதியாக முன்வரிசையில் ஓரத்தில் உட்காருவார். கேட்டால், "மூட்டையப் பிரிச்சுக் கொட்டியா பாக்குறோம்? ஒரு பிடி எடுத்தாத் தெரியாதா?" என்பார்.

பிழைப்பு சொல்லித் தந்த பாடம் அது. ஏலக்காய் மண்டி வைத்திருந்த மலைச்சாமிக்கு ஜக்கையன்தான் மூக்கு. ஏலக்காய் ஏலத்தில் ஒவ்வொரு குவியலுக்கும் மாதிரிக் காய் தட்டில் வரும். ஜக்கையன் ஒரு காயை நகத்தால் பிளந்து, மோந்து, மலைச்சாமியின் காதில் ஒரு வார்த்தை சொல்லுவார். பிறகு தட்டைத் தரையில் கவிழ்த்துவிடுவார். எல்லாரும் அப்படித்தான் கவிழ்ப்பார்கள், அது அங்கே வழக்கம். ஏலம் முடிகிறபோது கணுக்கால் புதையக் காய் கிடக்கும். அதில் யாருக்கும் யார்மேலும் கோபம் இல்லை. காய் ஆகாது என்றால் ஜக்கையன் சொல்லுகிற வார்த்தை ஒன்றுதான்: "தட்டுல நிக்காது." இருபது வருஷத்தில் அந்த மூக்கு ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

அந்த வழக்கத்தை ஒரே ஒரு முறை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

அப்பனும் ஆத்தாளும் போன பிறகு தங்கை சந்திரவல்லியை வளர்த்தது அவர்தான். அவளைக் கரையேற்றாமல் தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று நாற்பதைத் தொடும்வரை இருந்த மனுஷன். அவள் காய் பொறுக்கும் கிடங்குக்கு வேலைக்குப் போனாள். அங்கே மலையிலிருந்து லோடு இறக்க வரும் ஜீப்பு டிரைவர் வீரணனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வீரணனின் அப்பனும் ஆத்தாளும் தோட்டக் கூலிகள். ஜக்கையனுக்கோ சிலமலையில் நாலு ஏக்கர் பூர்வீக நிலம். பெண் கேட்டு வந்த அன்றைக்கு வீரணனின் ஆத்தாள் வெற்றிலை பாக்கோடு, தன் கையால் பறித்துக் காயவைத்த ஏலக்காயை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தாள். ஜக்கையன் ஒரு காயைப் பிளந்தார், மோந்தார். "தட்டுல நிக்காது" என்று சொல்லித் தட்டை அந்தப் பெண்பிள்ளையின் காலடியில் கவிழ்த்தார்.

கை தன்னால் அப்படிப் போய்விட்டது என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார். சும்மா. கை தன்னால் போகவில்லை. மறுவாரம் சந்திரவல்லி உடுத்திய சேலையோடு மலையேறிவிட்டாள். ஒன்பது வருஷம் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

எண்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில் அவள் திரும்பி வந்தாள். ஊரைவிட்டுப் போன ஒரு தோட்டத்து மானேஜர் வீரணனுக்குப் பழைய டிவியும் வீடியோ டெக்கும், ஆறு கேசட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆறும் ஒரே தொடர்கதை, ஜப்பான்காரன் வரைந்த பொம்மைப் படம். பேச்சு ஒருத்தருக்கும் விளங்காது. அதனால் படம் ஓட ஓட சந்திரவல்லி மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் பேசுவாள். தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயங்களில் அது நன்றாக எடுபட்டிருந்தது. கோடையில் மலைச்சாமியின் கோடவுன் காலியாகத்தான் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அங்கே ஆறு வாரம் ஆறு கேசட்டும் போட அவரிடம் சம்மதம் வாங்கியிருந்தான் வீரணன். கூட்டம் நின்றால் போடியிலேயே ஒரு வீடு பிடித்து, டெக்கை வைத்துப் பிழைத்துக்கொள்வது, நிற்காவிட்டால் மறுபடி மலைதான் என்பது அவர்கள் ஏற்பாடு. சந்திரவல்லிக்குப் போடியில் இருக்கத்தான் ஆசை. பிறந்த ஊர் அல்லவா.

முதல் ஞாயிறு ஜக்கையன் போனார். யார் நடத்துகிறார்கள் என்று தெரிந்தேதான் போனார். கோடவுன் கதவைச் சாத்தி இருட்டாக்கியிருந்தார்கள். சாக்கு விரித்து ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். தங்கை டிவிக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்றாள். மெலிந்திருந்தாள். அண்ணனைப் பார்த்தாள்; பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

படம் ஆரம்பித்தது. ஆகாயத்தில் சின்னச் சின்ன உலகங்கள். எல்லாம் செம்மண் காடு, புழுதிக்காற்று, பலகை வீடு. பெரிய தொப்பி போட்ட ஒருத்தன் இரும்புக் குதிரை பூட்டிய வண்டியில் குடியிருக்க இடமில்லாத சனங்களை ஏற்றிக்கொண்டு உலகம் உலகமாக இடம் தேடிப் போகிறான். இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது, ஆனால் லேசில் எடுக்கிறவன் இல்லை. எந்த உலகத்தில் இறங்கினாலும் அவனுக்கு முன்னால் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு நெட்டையன் அங்கே நிற்கிறான். இது குடியிருக்க ஆகுமா ஆகாதா என்று சொல்லும் அதிகாரி. நெட்டையன் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தான். மூக்கருகே கொண்டுபோனான். மோந்தான். விரலை விரித்து மண்ணைக் கொட்டினான்.

கோடவுனில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

நெட்டையன் வாயைத் திறந்தான். மைக்கில் சந்திரவல்லியின் குரல் தடித்து, அடித்தொண்டையில் இறங்கியது. "தட்டுல நிக்காது. எல்லாரும் மூட்டையக் கட்டுங்க."

கோடவுனே சிரிப்பில் குலுங்கியது. அத்தனை தலையும் முன்வரிசை ஓரத்துக்குத் திரும்பின. ஜக்கையனுக்குக் காது மடல் சுட்டது. எழுந்தால் ஓடுகிற மாதிரி இருக்கும் என்று உட்கார்ந்திருந்தார். கால்மணி ஆனதும் வேட்டியை உதறிக்கொண்டு வெளியே வந்தார். மறுநாள் பலகையில் இப்படி இருந்தது:

"ஜப்பான் பொம்மைப் படம். ஆகாயத்தில் குதிரை ஓடுகிறது. குதிரைக்கும் புல் இல்லை, கதைக்கும் வேர் இல்லை. பொம்மைகளுக்கு வாய் மட்டும் ஆடுகிறது, முகம் ஆடவில்லை. வாய் ஆடுகிற ஆட்டத்துக்கு எந்தப் பேச்சை வைத்தாலும் பொருந்தும் என்பது குரல் கொடுக்கும் அம்மாளுக்கு வசதி. பாதித் தமிழ், பாதி மலையாளம். சந்தையில் கருவாடு விற்க இந்தக் குரல் உதவும். கால்மணி பார்த்தேன். தட்டில் நிற்காது."

இரண்டாம் ஞாயிறு கூட்டம் இரட்டித்தது. படத்தைப் பார்க்க வந்தவர்கள் பாதி. சாம்பல் கோட்டுக்காரன் என்ன பேசப்போகிறான் என்று கேட்க வந்தவர்கள் மீதி. ஜக்கையன் அன்றைக்கும் போய் அதே இடத்தில் உட்கார்ந்தார். தொப்பிக்காரன் சனங்களை இறக்கி, தண்ணீர் தேடிக் கிணறு வெட்டுகிறான். நெட்டையன் வருகிறான். மண்ணை எடுக்கிறான். இந்தத் தடவை கோடவுனே சேர்ந்து சொன்னது: "தட்டுல நிக்காது." சந்திரவல்லி மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டு கூட்டம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். அப்புறம் அந்தக் குரலில், "நாலு ஏக்கரு வச்சிருக்கவன் மட்டும் இங்க நில்லுங்க, மத்தவன்லாம் ஏறுங்க" என்றாள்.

அந்த வாரப் பலகையில் எழுத்து பெரிதாக இருந்தது. வன்மம் மிகுந்தால் ஜக்கையனுக்கு எழுத்துப் பெருத்துவிடும். "படைத்தவன் ஜப்பானில் இருக்கிறான், இங்கே அவன் பிள்ளைக்கு வேறு ஒருத்தி பேர் வைத்துப் பிச்சையெடுக்கிறாள்" என்று ஆரம்பித்து, வீரணனின் ஜீப்பு வரைக்கும் இழுத்திருந்தார். படித்தவர்கள் சிரித்தார்கள், ஆனால் இந்தத் தடவை பலகையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மூன்றாம் வாரம் ஊரே அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. டீக்கடையில் டீ ஆறிப்போயிருந்தால் ஒருத்தன் கிளாசைத் திருப்பிவைத்து "தட்டுல நிக்காது" என்கிறான். பஸ்சில் கிழிந்த நோட்டைக் கொடுத்தால் கண்டக்டர் மோந்து பார்த்துவிட்டு அதையே சொல்கிறான். காய் பொறுக்கும் பெண்கள் இவரைத் தெருவில் கண்டால் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறார்கள். இருபது வருஷமாக மண்டிக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்ட வார்த்தை, இப்போது தெருப்பிள்ளைகளின் வாயில் கிடந்து புரண்டது. விமர்சனம் எழுத எழுதக் கூட்டம் கூடுகிறது என்பதும் அவருக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக அவர் ஆகாது என்ற சரக்கு விலை போய்க்கொண்டிருந்தது.

நாலாம் ஞாயிறு கோடவுனில் நிற்க இடமில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் ஜக்கையன் மலைச்சாமியின் வீட்டுக்குப் போனார்.

"மொதலாளி, கோடவுன ஒரு எட்டுப் பாத்துருவோம்" என்றார். "அடுத்த ரெண்டு மாசத்துல புதுக் காய் எறங்கப்போகுது."

இருவரும் போய்க் கதவைத் திறந்தார்கள். ஜக்கையன் நடுவில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தார். சாக்கு வாடை வந்தது. சுண்ணாம்பு வாடை வந்தது. போன வருஷத்துக் காயின் மணம் பலகையிடுக்கில் இன்னும் மெல்லியதாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. வீரணன் பீடி பிடிக்க ஒருத்தனையும் விட்டதில்லை. படம் முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கழுவிவிட்டு, கதவைத் திறந்து போட்டுக் காயவிட்டுத்தான் பூட்டினார்கள். அது ஜக்கையனுக்கு அந்த ஒரே மூச்சில் தெரிந்துபோயிற்று.

"என்னப்பா?" என்றார் மலைச்சாமி.

"பீடி வாடை ஏறிருச்சு மொதலாளி. வேர்வையும் பலகையில எறங்கிருச்சு. ஏலக்காயி எந்த வாடைய வச்சாலும் இழுத்துக்கிரும், ஒங்களுக்குத் தெரியாததில்ல. இன்னும் ரெண்டு வாரம் விட்டா இந்த வருசக் காயி போச்சு."

மலைச்சாமி மறுபேச்சுப் பேசவில்லை. தானும் ஒரு தடவை மோந்து பார்க்கக்கூட இல்லை. ஜக்கையன் சொன்ன பிறகு மோந்து பார்ப்பது மரியாதைக் குறைச்சல் என்று நினைக்கிற ஆள் அவர். அன்றைக்கே வேறு பூட்டுப் போட்டு வீரணனுக்குச் சொல்லியனுப்பினார். ஊரில் மற்ற கிடங்குக்காரர்களும் காதோடு காதாகக் கேள்விப்பட்டு, சீசன் நெருங்குகிறது, வாடை ஏறிவிடும் என்று கையை விரித்துவிட்டார்கள்.

புதன்கிழமை சந்திரவல்லி படிப்பகத்துக்கு வந்தாள். ஜக்கையன் ஒரு கொட்டகைப் படத்துக்குப் பலகையில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். ரேடியோ கடை ராமர் பக்கத்தில் நின்றிருந்தான். அவன்தான் படிப்பகத்துச் செயலாளர், பலகையும் அவன் வாங்கிப்போட்டதுதான்.

ஒன்பது வருஷம் கழித்து அவள் அண்ணனோடு பேசிய முதல் பேச்சு இதுதான்: "கோடவுன்ல பீடி வாடை அடிச்சுச்சாண்ணே?"

ஜக்கையன் திரும்பவில்லை. "அடிச்சுச்சு."

"என்னப் பாத்துச் சொல்லு."

அவர் பார்த்தார். "சொல்லியாச்சு. மூக்கு எம்மூக்கு."

"மூக்கு ஒன் மூக்குத்தான். நான் அதோடதான வளந்தேன். அது பொய் சொல்லி நான் கேட்டதில்ல." அவள் குரல் உயரவில்லை. "நாலு வாரம் வந்தியே, ஒருநாளாவது முழுசா இருந்து பாத்தியா?"

"பாக்கணும்னு என்ன இருக்கு. ஒரு பிடி போதும்."

"வீரணனோட ஆத்தா வந்தப்பயும் இதத்தான் சொன்னே. அவுக அன்னைக்குத் திரும்பி மலை ஏறுற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. சாகுறப்பவும் அந்தத் தட்டத்தான் சொன்னாக."

ஜக்கையனுக்கு அந்தப் பெண்பிள்ளை செத்தது தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ள அவருக்கு இஷ்டமில்லை. "கருவாட்டுக் கொரல வச்சிக்கிட்டு ஊரு பூரா என்னச் சிரிப்பாச் சிரிக்க வச்சிட்டு, இப்ப நாயம் கேக்க வந்துட்டியா?" என்றார். "போ. மலைக்குப் போ. ஒனக்கு அதான் லாயக்கு."

சந்திரவல்லி இடுப்பில் இடுக்கியிருந்த பையிலிருந்து இரண்டு கேசட்டை எடுத்து ராமரிடம் கொடுத்தாள். "அஞ்சும் ஆறும் இது. விமர்சனம் எழுதுறவரு மிச்சத்தையும் பாத்துட்டு எழுதட்டும். எனக்குச் சோலி இருக்கு, வர்றேன்" என்றாள். அன்று மாலை ஜீப்பில் அவர்கள் மலையேறிவிட்டார்கள்.

ஜக்கையன் ஜெயித்துவிட்டார். கொஞ்ச நாளில் ஊரும் அந்த வார்த்தையை மறந்து வேறு வேடிக்கைக்குப் போய்விட்டது. ஆனால் அவருக்கு ஒரு சங்கடம் வந்து ஒட்டிக்கொண்டது. எதை மோந்தாலும் முதலில் கோடவுன் ஞாபகம் வந்தது. காப்பியை மோந்தால் வந்தது. சோற்றை மோந்தால் வந்தது. ஒரு வாடையும் இல்லாத அந்தக் கோடவுன், சாக்கும் சுண்ணாம்பும் பழைய காயுமாக, மூக்குக்குள் நின்றுகொண்டது.

ஆடியில் ஒருநாள் ராமர் அவரைக் கூப்பிட்டான். "அண்ணே, அந்த ரெண்டு கேசட்டு சும்மா கெடக்கு. அதுமேல வேற படம் ஏத்திக்கிறட்டா? கேசட்டுக்குக் கிராக்கியா இருக்கு."

ஜக்கையன் யோசித்தார். "இரு. நான் பாத்துர்றேன்" என்றார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

ராமரின் கடைக்குள் ரிப்பேருக்கு வந்த பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மத்தியானம் முழுக்கப் பார்த்தார். மைக் இல்லை, தங்கை இல்லை. பொம்மைகள் ஜப்பான் பாஷையில் பேசின. ஒரு எழவும் விளங்கவில்லை. விளங்காததாலேயே கண் வேலை செய்தது. படம் மோசமில்லை என்று அவருக்குத் தெரிந்தது, அது அவருக்கு எரிச்சலாக இருந்தது. காற்று வீசும்போது படம் வரைந்தவன் அவசரப்படவில்லை. புழுதி அடங்கும்வரை காத்திருக்கிறான். தொப்பிக்காரனின் வண்டியில் ஒவ்வொரு கேசட்டிலும் சனம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. முதல் கேசட்டில் முகம் முகமாகக் காட்டியது இதற்குத்தான். கால்மணி பார்த்தவனுக்கு இது எங்கே தெரியும்.

ஆறாவது கேசட்டின் கடைசியில் வண்டியில் நாலே பேர். கடைசி உலகம். சாம்பல் கோட்டுக்காரன் வழக்கம்போல முன்னால் நிற்கிறான். கிழவனாகிவிட்டான். குனிய முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ஒரு பிடி மண் எடுத்தான். மோந்தான்.

ஜக்கையனின் வலதுகை மடியில் கிடந்தது. விரல்கள் தாமாக விரிந்தன. பொம்மையின் விரல்கள் விரியவில்லை. அவன் அந்த மண்ணைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். தொப்பிக்காரனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். பிறகு நேராகப் படம் பார்க்கிறவன் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தான். நீளமாகப் பேசினான். வாய் மட்டும் ஆடியது, முகம் ஆடவில்லை. எந்தப் பேச்சை வைத்தாலும் பொருந்தும்.

"என்னண்ணே சொல்றான்?" என்றான் ராமர்.

பொம்மையின் வாய் ஆட ஆட ஜக்கையனுக்கு ஒன்று உறைத்தது. இந்தக் கடைசியை முன்னமே பார்த்துவிட்டுத்தான் சந்திரவல்லி முதல் ஞாயிறு அவனுக்கு இவர் குரலைக் கொடுத்திருக்கிறாள். கேலி செய்வதற்கு மட்டுமென்றால் தொப்பிக்காரனிடம் உதை வாங்கும் அடியாட்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவள் இவனைத்தான் எடுத்தாள். ஆறாவது ஞாயிறு இந்த வாயில் இவர் குரலில் அவள் எதையோ சொல்லவைக்க இருந்தாள். கேசட்டை இரண்டு தடவை பின்னால் ஓடவிட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் அது அழுகைதான்.

மறுநாள் பலகையில் சின்ன எழுத்தில் இருந்தது:

"ஐந்தும் ஆறும் பார்த்தேன். முதல் நாலுக்கு நான் எழுதியது பார்க்காமல் எழுதியது. கடைசியில் அவன் என்ன சொல்கிறான் என்று தெரியவில்லை. சொல்லத் தெரிந்தவளை நான் துரத்திவிட்டேன். மலைச்சாமி மொதலாளி கோடவுனில் ஒரு வாடையும் இல்லை. நான் சொன்னது பொய்."

கையெழுத்தும் போட்டிருந்தார். பத்து மணிக்கெல்லாம் மலைச்சாமி பலகை முன்னால் வந்து நின்றார். இரண்டு தடவை படித்தார். அவர் திட்டியிருந்தால் ஜக்கையனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "ஒரு தடவ பொய் சொன்ன மூக்க வச்சுக்கிட்டு நான் என்னப்பா செய்ய" என்று மட்டும் சொன்னார். ஆவணியில் முதல் ஏலம் கூடியபோது மலைச்சாமியின் பக்கத்தில் தேவாரம் ஊர்க்காரன் ஒருத்தன் உட்கார்ந்து காயை மோந்துகொண்டிருந்தான்.

அந்த ஏல நாளன்று ஜக்கையன் இரண்டு கேசட்டையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போடிமெட்டுக்குப் போகும் ஜீப்பில் ஏறினார். மெட்டில் விசாரித்து, அங்கிருந்து ஒரு மணி நேரம் நடந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. சரிவில் ஏலச் செடிகளுக்கு அடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குந்தி, தரையோடு படர்ந்த சரங்களில் காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது செடியில் சந்திரவல்லி இருந்தாள். கையெல்லாம் செடியின் பிசின் கறுத்திருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

வழியெல்லாம் யோசித்துவைத்திருந்த பேச்சு ஜக்கையனுக்கு ஒன்றும் நினைவில்லை. "பலகையில எழுதிட்டேன்" என்றார்.

"கேள்விப்பட்டேன். ஜீப்புக்காரங்க சொன்னாக." அவள் கை நிற்கவில்லை. முற்றிய காயாக விரலால் தேடித் தேடி ஒடித்துக் கூடையில் போட்டாள். "அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன். கடைசியில அந்தச் சாம்பக் கோட்டு ரொம்ப நேரம் பேசுறானே. என்ன சொல்றான்?"

சந்திரவல்லி அப்போதுதான் கையை நிறுத்தினாள். "தெரியாது" என்றாள்.

"தெரியாம எப்பிடி. நீ ஆறையும் முந்தியே பாத்தவதான."

"பாத்தேன். மண்ணக் கொட்டாமப் பையில போட்டுக்கிட்டதப் பாத்தேன். அவன் பாஷை எனக்கு எங்க வெளங்கும்? நான் எந்த வாரமும் எதையும் முன்னாடி யோசிச்சு வச்சதில்ல. எதிர்ல ஒக்காந்துருக்குற மூஞ்சியப் பாப்பேன், அதப் பாத்து வாயில என்ன வருதோ அதச் சொல்லுவேன். ஆறாவது ஞாயித்துக்கெழம நீ முன்னால ஒக்காந்துருப்பேன்னு மட்டும் நெனச்சிருந்தேன். ஒன் மூஞ்சியப் பாத்தா என்னமோ வரும்னு இருந்தேன்." அவள் முகத்திலிருந்த மழையைப் புறங்கையால் வழித்தாள். "அந்த ஞாயித்துக்கெழமதான் வரவே இல்லையே."

"இப்பப் பாத்துச் சொல்லு, ஆத்தா." தங்கையை அவர் சின்னப்பிள்ளையில் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் பார்த்தாள். நன்றாக, நேரம் எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்த அந்த முகத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"ஒண்ணும் வரலண்ணே" என்றாள்.

மேலேயிருந்து கங்காணி வெரசா வரச்சொல்லிக் குரல் கொடுத்தான். சந்திரவல்லி கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். ஜக்கையன் துணிப்பையை நீட்டினார். "டெக்க வித்தாச்சு, அத வச்சு நான் என்ன செய்ய" என்று சொல்லிவிட்டு அவள் குந்தினாள். அதற்கப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. ஜக்கையன் பையோடு மெட்டுக்கு நடந்து, ஆள் சேருகிறவரை காத்திருந்து, கீழே இறங்கும் ஜீப்பில் ஏறினார்.

பக்கத்தில் இருந்த ஆள் போடிக்காரர், பலகை படிக்கிறவர். பையை எட்டிப் பார்த்து, "கேசட்டா? என்ன படம்ணே? எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். ஜக்கையன் சொல்லுவதற்கு வாயைத் திறந்தார். வாய் மட்டும் ஆடியது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருந்தது. அந்த ஆள் கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபக்கம் திரும்பி மழையைப் பார்க்க ஆரம்பித்தார்.